எங்கள் பக்கத்தை மட்டும் கிழித்துத் தராதீர்கள்

பெருந்தொற்றுக் கால இணையவழி ஓவியப் பரிமாற்றத்தை நடத்திய அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவினருக்கு,

பரிமாற்றத்தின் இணையதளத்தை இன்னும் 41 நாள்களில் மூடிவிடுவதாகவும், பங்கேற்றவர்கள் அதற்குள் அவரவர் ஓவியங்களைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும் என்றும், தேர்ந்தெடுக்கப்பட்ட 100 ஓவியங்கள் மட்டும் நூலாக வெளிவரும் என்றும் நீங்கள் அனுப்பிய ஆறு வரி மின்னஞ்சல் கிடைத்தது. அதை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு வரியிலும் பணிவு இருக்கிறது. முடிவெடுக்குமுன் எங்களில் ஒருவரிடமாவது கேட்டீர்கள் என்பதற்கான அடையாளம் எந்த வரியிலும் இல்லை. இதைத் தனி மடலாகவே எழுதியிருப்பேன். ஆனால் அந்த முகவரி பதில்களை ஏற்காது என்று மின்னஞ்சலின் அடியிலேயே குறித்திருந்தீர்கள். ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

நான் ஓவியன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு 2020 வரை ஒரு கோடுகூட வரைந்ததில்லை. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று சொன்னதற்குப் பின் வந்த வாரங்களில், வேலை வீட்டுக்கு வந்து, வீடே உலகமாகச் சுருங்கிப்போனபோது, உங்கள் அழைப்பு கண்ணில் பட்டது. பதினைந்து நாள்களுக்கு ஒரு சொல்லைத் தருவீர்கள். வேறொரு நாட்டில், வேறொரு மொழி பேசும் முன்பின் அறியாத ஒருவரோடு எங்களை இணைப்பீர்கள். ஒருவர் வரைந்து அனுப்ப, மற்றவர் பத்து நாள்களுக்குள் ஓவியத்தாலேயே பதில் சொல்ல வேண்டும். கூடவே தாய்மொழியில் இரண்டு வரி எழுதலாம், அதை இயந்திரம் மொழிபெயர்த்துக் கொண்டுசேர்க்கும். விதிமுறை இவ்வளவுதான். திறமை வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை, அதனால்தான் சேர்ந்தேன்.

நீங்கள் எங்களைத் தேடி வந்த காலத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அந்த மே மாதத்தில் உலகெங்கும் 85,000க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், அதாவது ஏறத்தாழ 90 விழுக்காடு, கதவை மூடியிருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. கூடங்கள் இருண்டு கிடந்த அந்நாள்களில் அருங்காட்சியகங்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டின. நெதர்லாந்தில் தொடங்கிய ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம், பழைய ஓவியங்களைப் போர்வையையும் பாத்திரத்தையும் கொண்டு வீட்டுக்குள்ளேயே நடித்துக் காட்டும்படி மக்களை அழைத்தது. லாஸ் ஏஞ்சலீசின் கெட்டி அருங்காட்சியகம் அதே அழைப்பை மார்ச் மாதக் கடைசியில் உலகத்துக்கு விடுத்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எத்தனையோ பேர் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய சீமாட்டிகளாக மாறினார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த வரைகலைஞர் ஒருவர், அவரவர் சன்னலிலிருந்து தெரிவதை ஒரு படமாக எடுத்துப் போடச் சொல்லித் தொடங்கிய முகநூல் குழுவில் இருபது லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அந்த அலையில் உங்கள் திட்டமும் ஒன்று. அன்று உங்களுக்கு நாங்கள் தேவைப்பட்டோம் என்று சொன்னால் கடுமையாக ஒலிக்கும். எங்களுக்கும் நீங்கள் தேவைப்பட்டீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி என் குறைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடி பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினேன். 28 கோப்புகள் வந்தன. 28ம் நான் வரைந்தவை, எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் 29 சுற்றுகளில் எனக்கும் என் இணைக்கும் இடையே போய்வந்த ஓவியங்கள் மொத்தம் 58. மற்ற 30ம் அவருடையவை என்பதால் எனக்கு வரவில்லை. இரண்டு வரிக் குறிப்புகள் ஒன்றுகூட வரவில்லை. எந்த ஓவியம் எதற்குப் பதில் என்பதைக் காட்டும் வரிசையும் தேதியும் இல்லை. என் தொழிலில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். பேரேட்டிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்து இதுதான் உன் கணக்கு என்றால், கணக்குப் பிள்ளை எவனும் கையெழுத்திட மாட்டான்.

இந்தத் திட்டத்தில் ஓவியம் என்பது தாளில் இருந்த கோடு மட்டுமன்று என்பதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன். என் தாள்களைப் பற்றிச் சொல்வதே நல்ல வழி. ஊரடங்கில் வரைதாள் வாங்க வழியில்லாததால், வீட்டில் மிச்சமிருந்த பேரேட்டுத் தாள்களில் வரைந்தேன். அவற்றில் தொகை எழுதுவதற்காகச் செங்குத்தாகச் சிவப்புக் கோடுகள் இருக்கும். என் முதல் ஓவியத்தைப் பார்த்த இணை, ‘உங்கள் சன்னலுக்கு ஏன் இத்தனை கம்பிகள்’ என்று கேட்டிருந்தார். அவர் இசையாசிரியை, போர்த்துக்கீசிய மொழி பேசுபவர். அவரும் கையில் கிடைத்ததில் வரைந்தார்: இசைக்குறிப்பு எழுதும் ஐந்து கோட்டுத் தாள்களில். மூன்றாம் சுற்றில் அவர் ஒரு வேலை செய்தார். என் தாளின் செங்குத்துக் கோடுகளைத் தம் தாளின் கிடைக்கோடுகளோடு பின்னி, நெசவுபோல ஆக்கி, அதன் ஒரு கட்டத்துக்குள் நான் முந்தைய சுற்றில் வரைந்து அனுப்பிய மேசை விளக்கை வைத்து அனுப்பினார். அன்றிலிருந்து நாங்கள் இருவருமே வேண்டுமென்றே கோடு போட்ட தாளில்தான் வரைந்தோம். பிற்பாடு வரைதாள் கிடைத்தபோதும் வாங்கவில்லை. என் 28 கோப்புகளைத் தனியே பார்க்கிறவருக்கு, மட்டமான தாளில் சுமாராக வரையத் தெரிந்த ஒருவனின் படங்கள்தான் தெரியும். அவர் பார்ப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். தனியே பார்த்தால் அவை அப்படிப்பட்டவைதாம்.

17ஆம் சுற்றைப் பற்றிச் சொல்லாமல் இம்மடல் நிறைவு பெறாது. அந்தச் சுற்றுக்கு நீங்கள் தந்த சொல் ‘ஒலி’. அவரிடமிருந்து வந்த தாளில் எதுவும் வரையப்பட்டிருக்கவில்லை, ஐந்து கோடுகள் மட்டும் இருந்தன. கீழே, ‘அம்மாவின் இருமல் நின்றுவிட்டது’ என்று ஒரே வரி. அவருடைய தாயார் நோயில் கிடந்ததை முந்தைய சுற்றுகளில் எழுதியிருந்தார். நான் அந்த வரியை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து, பறவைகளும் மணிகளுமாக ஏதோ வரையத் தொடங்கி, இரவு அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலையில் அந்தத் தாளை மறுபடி திறந்தபோதுதான் அதில் ஏன் ஒரு சுரம்கூட இல்லை என்று விளங்கியது.

பத்து நாளில் பதில் அனுப்ப வேண்டும். என்னால் முடியவில்லை. ‘உங்கள் பதில் நிலுவையில் உள்ளது’ என்று உங்கள் தளத்திலிருந்து மூன்று நினைவூட்டல்கள் வந்தன. கடைசியில் ஓவியம் இல்லாமல் ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: ‘வரைய உட்கார்ந்தேன், கை வரவில்லை.’ தமிழில் இதன் பொருள் எந்தக் குழந்தைக்கும் தெரியும். உங்கள் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. என் கை இன்னும் வந்துசேரவில்லை என்று அது மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து, விதிப்படி அவர் அனுப்பத் தேவையே இல்லாத ஓர் ஓவியம் வந்தது. முதலில் அனுப்பிய அதே வெற்றுக் கோடுகள். அவற்றின் மேல் ஒற்றைக் கை ஒன்று, சிறிய பயணப்பையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு விரல்களால் நடந்து வந்துகொண்டிருந்தது. பைக்குள்ளிருந்து பென்சிலின் முனை ஒன்று வெளியே நீட்டியிருந்தது. ‘தொலைவு அதிகம், மெதுவாக வரட்டும், காத்திருப்போம்’ என்று எழுதியிருந்தார். துக்கத்தில் இருந்தவர் அவர், தேற்றப்பட்டவன் நான். அந்தப் பிழையை நான் இன்றுவரை திருத்தவில்லை.

இப்போது உங்கள் அறிவிப்பின் நான்காவது வரியைப் பாருங்கள். ‘வெற்றுக் கோப்புகளும் நிறைவுறாத பரிமாற்றங்களும் முதற்கட்டத்திலேயே நீக்கப்படும்.’ அவர் அனுப்பிய ஐந்து கோட்டுத் தாள் உங்கள் வரிசைப்படுத்தலில் வெற்றுக் கோப்பு. நான் ஓவியம் அனுப்பாததால் 17ஆம் சுற்று நிறைவுறாத பரிமாற்றம். கையின் ஓவியம் விதிக்கு வெளியே வந்த உபரி. எங்கள் 29 சுற்றுகளில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் எதை நாங்கள் தேர்ந்தெடுப்போமோ, அதை நீங்கள் முதலில் அழிக்கப் போகிறீர்கள். எங்களுக்கே இப்படியென்றால், மற்ற இணைகளின் பக்கங்களில் இப்படி எத்தனை கிடக்கின்றன என்பது அவர்களுக்கன்றி யாருக்கும் தெரியாது.

உங்கள் அறிவிப்பில் இன்னொரு வரியும் உறுத்துகிறது. தெளிவு குறைந்த படங்கள் நூலுக்கான தேர்வில் சேர்க்கப்படவில்லை என்கிறீர்கள். 2020இல் நான் ஒவ்வொரு முறை பதிவேற்றியபோதும், ‘படம் பெரிதாக உள்ளது, 500 கிலோபைட்டுக்குள் சுருக்கி அனுப்பவும்’ என்று சொன்னது உங்கள் தளம். சுருக்கச் சொன்னவர்களே இன்று சுருங்கியிருக்கிறது என்று ஒதுக்குகிறீர்கள். வீட்டில் ஸ்கேனரும் வேகமான இணைப்பும் வைத்திருந்தவர்கள் பெரிய கோப்பை வேறு வழியில் அனுப்பியிருக்கக்கூடும். கீறல் விழுந்த கைப்பேசியில், மங்கிய வெளிச்சத்தில் படமெடுத்து, இணைப்பு அறுந்து அறுந்து இரவெல்லாம் பதிவேற்றியவர்களின் ஓவியங்கள் விடுபட்டுப்போகும். 2021இல்கூட உலகில் 290 கோடிப் பேர் இணையத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மதிப்பிட்டது. நாடுகளை இணைக்கிறோம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்ட திட்டங்கள் எல்லாம் மிச்சமிருந்தவர்களுக்குள் நடந்தவைதாம். அந்த மிச்சத்திலும் விளிம்பில் நின்றவர்களைப் படத்தின் தெளிவை வைத்துக் கழிப்பது நியாயமன்று.

‘சிறந்த 100’ என்ற எண்ணத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. 1918இல் உலகெங்கும் பரவிய ஸ்பானியக் காய்ச்சலின் காலத்திலிருந்து, அந்நோயில் விழுந்து எழுந்த நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1919இல் வரைந்துகொண்ட தன்னுருவ ஓவியம் இன்றும் போற்றப்படுகிறது. அது போற்றத்தக்கதே. பெரிய ஓவியர்களின் கைவண்ணத்தைக் காப்பாற்ற உலகத்துக்குத் தெரியும். வரையத் தெரியாத இருவர் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்பதைக் காப்பாற்றத்தான் அதற்கு அக்கறை போதவில்லை. உங்கள் திட்டம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்திருந்தது. 2020 ஜூலையில் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் தனித்தனியே தங்கள் வீட்டிலிருந்து பாடி அனுப்பிய குரல்களைக் கோத்து, இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் ஒரே சேர்ந்திசையாக வெளியிட்டார். அந்தச் சேர்ந்திசையை அழித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலை மட்டும் திருப்பி அனுப்பி, நன்றாகப் பாடிய நூறு பேரைத் தனித்தட்டாக வெளியிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது உங்கள் ஏற்பாடு.

செலவைக் காரணமாகக் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் வரவுசெலவு எனக்குத் தெரியாது. தளத்தைப் பராமரிக்கவும், பாதுகாப்பைப் புதுப்பிக்கவும், ஆள் வைக்கவும் பணம் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இயங்கும் தளம் வேறு, காப்பகம் வேறு. நாங்கள் இருவரும் அனுப்பிய 58 ஓவியங்களும் ஓவியத்துக்கு 500 கிலோபைட் என்று உச்சவரம்பு வைத்துக் கூட்டினாலும் 29 மெகாபைட்தான். குறிப்புகளின் எடையைச் சேர்த்தாலும் அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. ஒன்றோடொன்று தொடர்புபடுத்திய சாதாரணக் கோப்புகளாக அவற்றை ஒரு பொதுக் காப்பகத்திடம் ஒப்படைத்தால், தளத்தை ஓட்டும் செலவு உங்களுக்கு இராது.

இணையத்தில் இருப்பது எப்படியும் எங்காவது இருக்கும் என்று உங்களில் யாராவது நினைத்தால், அது தவறு. எத்தனையோ சாதாரண மக்கள் கட்டிய ஜியோசிட்டீஸ் இணையப் பக்கங்கள் 2009இல் மூடப்பட்டன. தன்னார்வலர்கள் ஓடியோடி நகலெடுத்த அளவுக்குத்தான் மிஞ்சின. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை பதிவேற்றப்பட்ட பாடல்கள் சர்வர் இடமாற்றத்தின்போது அழிந்துபோனதை அந்நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது. இப்படி நடக்கும் என்பதை உணர்ந்துதான் யுனெஸ்கோ 2003இலேயே எண்ணிம (டிஜிட்டல்) மரபைப் பாதுகாப்பதற்கான சாசனத்தை ஏற்றது. எண்ணிம வடிவில் மட்டுமே பிறந்த படைப்புகளையும் அது மரபென்றே கொள்கிறது. 2022 ஆகஸ்டில் பிராகில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் ஏற்ற புதிய வரையறை, அருங்காட்சியகங்கள் சமூகங்களின் பங்கேற்போடு இயங்குபவை என்கிறது. பங்கேற்பு என்பது வரைந்து அனுப்புவதோடு முடிந்துவிடுமா? அழிப்பதற்கு முன் கேட்பதும் அதில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கோவிட்-19 நெருக்கடிநிலை முடிந்தது என்று அறிவித்தது. அந்தக் காலத்தை மறக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. அழுதுகொண்டே எழுதிய வரியை எவரும் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவரின் பரிமாற்றம் அழிக்கப்படத்தான் வேண்டும். நான் எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்பதை அந்தந்த இணையைக் கேட்டு முடிவுசெய்யச் சொல்கிறேன். கேட்டுப் பதில் சொல்ல இயலாதவர்களும் எங்களில் உண்டு. வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே சிலர் மறைந்தார்கள். அவர்களுடைய கடவுச்சொல் அவர்களோடு போயிற்று. அவர்கள் வீட்டார் எந்தப் பொத்தானை அழுத்துவார்கள்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, தளத்தை மூடும் நாளை ஓராண்டு தள்ளிவையுங்கள். புதிய பதிவேற்றம் வேண்டாம், பார்க்க மட்டும் திறந்திருந்தால் போதும். அந்த ஓராண்டுக்குள், ஒவ்வொரு இணைக்கும் இரு தரப்பு ஓவியங்களையும், மூலமொழிக் குறிப்புகளையும், இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பையும், அதன் பிழைகளைத் திருத்தாமல், சுற்று எண்ணோடும் தேதியோடும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் பெற வழிசெய்யுங்கள். இருவரும் இசைந்தால் தரலாம். ஒருவர் மறுத்தால் அவர் பக்கத்தை விட்டுவிடலாம். ஒருவர் மறைந்திருந்தால் அவர் வீட்டாரைத் தேடிக் கேட்கும் பொறுப்பை உங்கள் அலுவலர் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படையுங்கள். வெற்றுக் கோப்பு, நிறைவுறாத பரிமாற்றம், தெளிவு குறைந்த படம் என்ற காரணங்களால் எதையும் நீக்கும் பணியை இன்றே நிறுத்துங்கள். இது மற்றவற்றைவிட அவசரமானது, ஏனெனில் மற்றவற்றைப் பிறகும் செய்யலாம், அழித்ததை மீட்க முடியாது.

அடுத்து, இசைவு கிடைத்த தொகுப்புகள் அனைத்தையும் நீண்டகாலப் பாதுகாப்புக்கு வசதியுள்ள ஒரு பொதுக் காப்பகத்திடமோ நூலகத்திடமோ ஒப்படைத்து, ஒப்படைத்த நிபந்தனைகளை வெளியிடுங்கள். நூலை வெளியிடுவதானால், அதில் இடம்பெறும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். நாங்கள் சேர்ந்தபோது இசைந்தது இலவசப் பரிமாற்றத்துக்கு, விற்பனைக்கு அன்று. ஓவியங்களைத் தனித்தனியே அச்சிடாமல், பதிலோடு சேர்த்து எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடுங்கள். 100 ஓவியங்களுக்குப் பதில் 50 பரிமாற்றங்கள் என்றால் பக்கக் கணக்கு மாறாது. இதை மட்டும் கணக்கனாகச் சொல்கிறேன்.

கடைசியாக, இம்மடலுக்கு 15 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலையும் இனிவரும் அறிவிப்புகளையும் பங்கேற்றவர்களின் மொழிகளில் எல்லாம் அனுப்புங்கள். என் இணையிடம் இம்மடலின் செய்தியைச் சொல்லியிருக்கிறேன். தம் 30 ஓவியங்களும் என் 28ஓடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அவர் தம் கைப்பட எழுதிய ஒப்புதலை இதனுடன் இணைத்திருக்கிறேன். அது போர்த்துக்கீசிய மொழியில் இருக்கிறது. இயந்திரத்திடம் கொடுக்காமல், மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பரிமாற்றத்தில் பேரேட்டுத் தாளில் வரைந்தவன்